வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெட் எஞ்சின்

என் வீட்டுக்காரருக்குக் காதுதான் பெரிய சொத்து. பதுளையில் எங்கள் கராஜுக்கு ஒரு லொறி வந்து நின்றால், அவர் உடனே பொனட்டுக்குள் தலையை விட மாட்டார். எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின் மேல் வைத்து, அதன் மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிறகு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போன நாட்களில் அவரோடு பேச முடியாது. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். தன் காது பொய் சொல்லிவிட்டது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

அவர் பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். தோட்டத்து மேனேஜர் துரையோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து, பதுளை டவுனுக்குச் சற்று வெளியே, சரிவில் கிடந்த ஒரு துண்டு நிலத்தை எடுத்துத் தகரக் கொட்டகை போட்டார். நான் மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பசறை ரோட்டில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆனது அறுபதுகளின் நடுவில். ஒரே மகள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பின்னேரம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கராஜ் வாசலில் ஒரு லொறி கிளட்ச் எரிந்த நாற்றத்தோடு நின்றுகொண்டிருந்தது. லொறி பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. பஜாரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கிழக்குக் கரையில் விமானப்படை கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து, பிபிலை, லுணுகலை வழியாக மலை ஏற்றிக் கொண்டுவரும்போது லொறி மூச்சு வாங்கி எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் லொறிக்குக் கீழே படுத்திருக்க வேண்டியவர். மேலே ஏறி, தார்ப்பாயை விலக்கி, ஒரு மரப்பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன நானா?"

"பிளேன் எஞ்சின் தம்பி. சின்ன ஜெட். பைலட்மாரப் பழக்குற பிளேன்ல இருந்ததாம். நாளைக்கு வெட்டிப் போடப் போறன்."

அவர் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ சுற்றிப் பார்த்தார். அது அசையவில்லை.

"வெட்டாதீங்க."

"வெட்டாம? ஒன்ட கராஜுல வச்சிப் பறக்கப் போறாயா?"

"ஓட வைக்கப் போறேன்."

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் அவருக்கு இந்த மாதிரிப் பைத்தியங்களைப் பிடிக்கும். கிளட்ச் வேலைக்குப் பதிலாக எஞ்சினை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களையே விட்டு இறக்கியும் கொடுத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் கேட்டேன். "எதுக்குங்க இது? யாருக்கு வேணும்?"

"இத்தன வருசமா நான் பாத்த எஞ்சின் எல்லாம் முன்னயும் பின்னயும் அடிச்சிக்கிட்டு ஓடுறதுதான். இதுல அடிக்கிறதே இல்ல. சுத்துறது மட்டுந்தான். அது எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ கேக்கணும்."

கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

வகுப்பில் பாடம் சொல்லுவதுபோல எனக்கும் அவர் அதை விளக்கினார். முன்னால் காற்றை உறிஞ்சும் சக்கரங்கள். அவை காற்றை நெருக்கி நடுவில் இருக்கும் அறைக்குள் தள்ளும். அங்கே மண்ணெண்ணெய் எரியும். எரிந்த காற்று பின்னால் சீறிக்கொண்டு போகும்போது அங்கே இருக்கிற இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரமும் முன்னால் இருப்பவையும் ஒரே அச்சில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து சுற்றும். "அவ்வளவுதான். நம்ம குப்பி வெளக்குல எரியிற அதே எண்ண." சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

கடல் காற்றுப் பட்டுப் பட்டு எஞ்சின் முழுக்கத் துரு ஏறிக் கிடந்தது. எண்ணெய் போகும் குழாய்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நடுவில் எரியும் அறையின் மெல்லிய தகடு விரிசல் விட்டிருந்தது. அந்தத் தகட்டை வெல்டிங் செய்யப் போய் இரண்டு மூன்று தடவை ஓட்டை போட்டுவிட்டு, அவர் ஸ்பானரைச் சரிவில் வீசி எறிந்தார். மகள்தான் புல்லுக்குள் தேடி எடுத்து வந்தாள்.

சக்கரங்களைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாகச் செருகியிருந்தன. இலை என்று நாங்கள் பெயர் வைத்தோம். எந்த இலை எந்தக் காடியிலிருந்து வந்ததோ அதே காடிக்குத்தான் திரும்பப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றும்போது எடை தவறி எஞ்சினே உடைந்துவிடும் என்றார். அடையாளம் வைப்பது என் வேலையாயிற்று. பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு இலையிலும் ஒரு துணித்துண்டு கட்டி, அதில் அ, ஆ, இ என்று எழுதினேன். உயிரெழுத்து முடிந்து மெய் முடிந்து உயிர்மெய்க்கு வந்தோம். "எழுத்து பத்துமா?" என்று கவலையோடு கேட்டார். தாராளமாகப் போதும் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷால் இலைகளைத் தேய்ப்போம். "கீ எங்க, கீயக் காணோம்" என்று அவர் தேடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில்தான். ஆனால் பேசியது முழுக்க எஞ்சினைப் பற்றித்தான்.

நானாவுக்கும் இதற்குள் ஆசை தொற்றிவிட்டது. விமானப்படையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பண்டாரவளையில் குடியிருந்த ஒரு சிங்களப் பெரியவரை அவர்தான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். நாங்கள் அவரை மாத்தயா என்று கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் வருவார். எஞ்சினைப் பார்த்த அன்றைக்கே, சிங்களத்தில், "இதை ஓட வைக்கலாம். ஆனால் முன்பக்கத்து பேரிங் செத்துவிட்டது. அது இல்லாமல் இதைத் தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த பேரிங்குக்காகத்தான் வருடக்கணக்காகக் காத்திருந்தோம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் நானா ஏறி இறங்காத படி இல்லை. இறுக்கமாக ஒன்று வரும், தளர்வாக ஒன்று வரும். மாத்தயா கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். என் வீட்டுக்காரர் அன்றைக்கெல்லாம் சாப்பிட மாட்டார்.

சாப்பாடே இல்லாத காலமாகவும் அது இருந்தது. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசை. தோட்டங்களில் அதைவிட மோசம். நான் மடுல்சீமைக்குப் போகும்போதெல்லாம் பையில் கொஞ்சம் மாவோ மரவள்ளிக் கிழங்கோ எடுத்துக்கொண்டு போவேன். பஸ் பாதி வழியோடு நின்றுவிடும். மிச்சத்தை நடக்க வேண்டும். லயத்தில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் சுருண்டு கிடப்பார்கள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைத் தூக்கக் கையில் தெம்பில்லாமல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நிற்க ஆரம்பித்திருந்தார்.

அவர்கள் இந்தியாவுக்கே திரும்பிப் போவதாக எழுதிக் கொடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இத்தனை நாள் வராத உத்தரவு இனிமேல் வராது என்று நினைத்திருந்தேன். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வந்துவிட்டது. அம்மா அழுதாள்.

எனக்கு அவர்களை அனுப்ப மனசில்லை. கொஞ்ச காலம் தள்ளிப்போட வழி இருக்கிறதா, எங்களோடு வந்து இருக்க முடியுமா, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று துடித்தேன். அவர் அப்போது எரியும் அறையின் தகட்டில் கடைசி விரிசலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இத முடிச்சிர்றேன். முடிச்சிட்டு ரெண்டு பேரும் மடுல்சீமைக்குப் போவோம். எல்லாம் பேசுவோம்."

அவர் என்னை ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. முடிந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். வேலை எதையும் அவர் அப்படித்தான் நம்புவார். தகடு முடிந்ததும் எண்ணெய் பம்பில் ஒரு சீல் கசிந்தது. அதற்குள் அவர்களுக்குக் கப்பல் தேதி வந்துவிட்டது. யாரிடம் போய்ப் பேசியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த லயத்துக் காம்பராவில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாம். அதுகூட நடக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். அப்பா கொட்டகைக்குள் போய், ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கவ்வாத்துக் காய்ப்பு ஏறிய விரலால் இலைகளைத் தடவிப் பார்த்தார்.

"சத்தம் எப்பிடி இருக்கும் மாப்ள?"

"தெரியல மாமா. நானும் கேட்டதில்ல."

"போறதுக்குள்ள ஒருக்காக் கேட்டுட்டுப் போகலாம்னு பாத்தேன்."

மறுநாள் பதுளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. பெட்டிக்குப் பெட்டி யாரோ ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலை உடுப்போடு ஓடி வந்து ஜன்னலுக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுற அன்னிக்கு ஒங்களுக்கே கேக்கும் மாமா. கடலத் தாண்டிக் கேக்கும்."

அப்பா சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அங்கே குளிர் தாங்காமல் அப்பா இரண்டாவது மழைக்காலத்தில் போய்விட்டார் என்று, முன்னமே இந்தியாவுக்குப் போய் வேறு ஊரில் இருந்த என் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நான் போக முடியவில்லை. கொட்டகையில் எஞ்சின் இன்னும் ஓடவில்லை.

ஆட்சி மாறி, சாமான்கள் வர ஆரம்பித்த பிறகுதான் பேரிங் கிடைத்தது. மாத்தயா அதைக் கையில் வைத்து விரலால் சுற்றிவிட்டு, முதல் தடவையாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். நானா அங்கேயே நின்று, "யா அல்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓடவிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். எஞ்சினை ஸ்டாண்டோடு வெளியே இழுத்து, நிலத்தில் போட்டிருந்த கொங்கிறீட்டில் போல்ட் அடித்து முடுக்கி, வால்பக்கத்தைச் சரிவில் இருந்த மானாப்புல் காட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். நானா லொறி பற்றரிகளைக் கொண்டுவந்து வரிசையாக இணைத்தார். மாத்தயா காதுக்கு மாட்டும் மூடிகள் கொண்டுவந்திருந்தார். சிரட்டையைப் பாதி வெட்டிக் கவிழ்த்ததுபோல இருந்தன. தான் ஒன்றை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். எங்களைத் தூரத்தில், மதகுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, காதில் பஞ்சு வைக்கச் சொன்னார்.

முதல் தடவை வாலிலிருந்து பனை உயரத்துக்கு ஒரு தீ நாக்கு நீண்டு புல்லைப் பொசுக்கியது. மாத்தயா எண்ணெயை மூடிவிட்டார். நானாவின் ஆட்கள் சாக்கைக் கொண்டு தீயை அடித்து அணைத்தார்கள். கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப முயன்றார்கள். முதலில் தையல் மெஷின் சுற்றுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். அது ஏறி ஏறி ஊளையாகி, பிறகு ஊளையும் கரைந்து, என் நெஞ்செலும்புக்குள் வந்து நின்றுகொண்டது. சரிவில் மானாப்புல் முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. கொட்டகைத் தகரம் நடுங்கியது. மேலே ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

நான் அவரைப் பார்த்தேன். காது மூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை லேசாகச் சாய்த்து நின்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நிறுத்தியதும் மாத்தயா அவரைத் திட்டினார். "மூடியை மாட்டு என்றுதானே கொடுத்தேன்! எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இன்றைக்குக் காது கேட்காது, தெரியுமா?"

"மூடிக்கிட்டா பேரிங் என்ன சொல்லுதுன்னு எப்பிடித் தெரியும் மாத்தயா?" என்றார் இவர். மிச்ச நாள் முழுக்க எல்லோரிடமும் கத்தித்தான் பேசினார். காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதுளை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அப்புத்தளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்டோர் எஞ்சின் டிரைவர்கள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார்கள். நானாவின் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் கூட்டி வருவது எங்கள் கொட்டகைக்குத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் இவர் ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொஞ்சம் திருத்துவார், அது சரியாகிவிட்டதா என்று கிட்டப் போய்க் கேட்பார். நான் சண்டை போட்டேன். மகள் மூடியைத் தானே எடுத்துப்போய் அவர் தலையில் மாட்டிவிடுவாள். அவள் திரும்பியதும் கழுத்துக்கு இறங்கிவிடும்.

ஸ்டோர் எஞ்சின் அறையில் இருபது வயதிலிருந்தே பாதி தேய்ந்து போயிருந்த காது. மிச்சம் இருந்ததை இது எடுத்துக்கொண்டது.

முதலில் நாங்கள் கவனித்தது மகளின் குரலைத்தான். நான் கூப்பிட்டால் திரும்புவார், அவள் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவள் குரல் மெல்லியது. பிறகு ஒரு நாள் ஒரு பழைய வாடிக்கைக்காரரின் லொறி வந்தது. திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார். வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். கடைசியில் டிரைவரைப் பார்த்து, "எஞ்சின் ஓடுதா?" என்று கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியிலும் பார்த்தோம், கண்டிக்கும் போனோம். நரம்பு போய்விட்டது, மருந்து கிடையாது என்றார்கள். டாக்டர் அதை என்னிடம்தான் சொன்னார். வரும் வழியில் ரயிலில், நான் ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்தப் பனியில் விரலால் "இனி வராதாம்" என்று எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கையால் அழித்தார்.

மாத்தயா சேதி கேட்டு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதார். "நான் வந்திருக்கவே கூடாது" என்றார். இவருக்கு அது கேட்கவில்லை. தேத்தண்ணி குடிங்க மாத்தயா என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். எஞ்சினை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரிடம் கொடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் மாத்தயா அதைக் கொண்டுபோய் வைத்தார். நானாவின் லொறிதான் ஏற்றிப்போனது. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் கொட்டகையைக் கொளுத்தியபோது அதற்குள் சில பழைய ஸ்பானர்களும் சேலைத் துணித்துண்டுகளும்தான் இருந்தன. நாங்கள் நானாவின் வீட்டில் உள்ளறையில் இருந்தோம். வெளியே ரோட்டில் என்ன சத்தம் கேட்டது என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் அவருக்குக் கேட்காதது நல்லதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வருத்தப்பட்டேன்.

கராஜ் திரும்ப எழவில்லை. என் சம்பளத்தில் வாழ்ந்தோம். எஞ்சினை முடித்துவிட்டுப் பேசலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குள்ளேயே இருந்தது. அப்பாவைப் பற்றி, கூடலூரில் தனியாகக் கிடந்த அம்மாவைப் பற்றி, கல்யாணமான புதிதில் நான் அவரைக் கண்டு பயந்ததைப் பற்றி. சிலேட்டில் எழுதிக் காட்டலாம். அரிசி முடிந்துவிட்டது, மழை வருகிறது என்று எழுதலாம். மற்றதை எழுத உட்கார்ந்தால் சிலேட்டு சின்னதாக இருந்தது. அவரும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். ஆனால் புரியாத இடத்தில் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, புரிந்ததுபோலத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும்.

மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து அவர் மடியில் கிடத்தினோம். பிள்ளை கையையும் காலையும் உதைத்து வீரிட்டது. அவர் அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அழுவுதா?"

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"கொரலு எப்பிடி இருக்கு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டை நன்றாகத் திறந்து, என்னால் முடிந்தவரைக்கும் மெதுவாக, நிறையச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சிரித்துத் தலையை ஆட்டினார்.